டிரைவர் குருவையாவின் விட்டுப்போன மூச்சுகள்

ஊட்டியில் விட்டுப்போன மூச்சு சாத்தூருக்கு வந்து சேர்ந்தது கத்திரி வெயில் தொடங்கிய நாலாம் நாள், ஒரு வியாழக்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு. பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து தீப்பெட்டி ஆபீஸ் தெருவுக்குள் திரும்பி, தங்கமாரியப்பனின் சேவுக் கடையைத் தாண்டி, ரகுமத் பீவி வீட்டு வாசலில் காய்ந்துகொண்டிருந்த மிளகாய் வத்தலை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, டிரைவர் குருவையா வீட்டு முன்னால் வந்து, வீடு இதுதானா என்று பார்க்கிறவரைப்போலக் கொஞ்சம் தயங்கி, அப்புறம் அவருடைய மூக்கு உயரத்துக்கு அப்படியே நின்றுவிட்டது. தைல மர இலையும் நனைந்த கம்பளியும் சேர்ந்த வாசனை. கையை நீட்டினால் விரல் சில்லிட்டது.

குருவையா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கட்டைவிரல் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் குழாயை வாயில் கவ்வி, அன்றைய முப்பதாவது இழுப்பை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஜெயக்கொடி அரிவாள்மனையை விட்டு எழுந்து வந்து, அந்தக் குளிருக்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்தாள்.

"இது உங்க மூச்சுங்க," என்றாள். "ஊட்டி நைட் ஹால்ட்ல விட்டது. அங்க உங்களை இடிச்சு எழுப்ப நான் பக்கத்துல இல்லைல்ல, அதான் எடுக்காமலே கெடந்திருக்கு."

குருவையாவுக்கும் அது சரி என்றே பட்டது.

இருபத்தாறு வருடம் அரசு பஸ் ஓட்டியவர் அவர். எந்த டிப்போவில் போட்டாலும் போனார், எந்த ரூட் கொடுத்தாலும் எடுத்தார். ஊட்டி, பழனி, ராமேஸ்வரம், வேளாங்கண்ணி, கும்பகோணம், திருவண்ணாமலை என்று தமிழ்நாட்டில் அவர் தலை சாய்க்காத பணிமனை ஓய்வறை கிடையாது. படுத்த நிமிடத்தில் குறட்டை கிளம்பும். அது ஏறி, ஏறி, மேட்டில் லாரி ஏறுகிற மாதிரி முனகி, திடீரென்று நின்றுபோகும். பத்து விநாடி, இருபது விநாடி சத்தமே இருக்காது. பிறகு முங்கியவர் தலை தூக்குகிற மாதிரி ஒரு பெரிய திணறலோடு மறுபடி மூச்சு வரும். வீட்டில் இருக்கிற நாட்களில், அந்தச் சத்தமில்லாத நேரத்தில் ஜெயக்கொடி ஒற்றை விரலால் அவர் விலாவில் ஓங்கிக் குத்துவாள். பதினோரு வருடமாக அவள் தூக்கம் என்பது இரண்டு குத்துகளுக்கு நடுவில் கிடைப்பதுதான்.

போன தை மாதம் ஒரு மத்தியானம், ஐம்பத்திரண்டு பேரை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தபோது, குருவையா கண்ணைத் திறந்தபடியே தூங்கிப்போனார். பஸ் ரோட்டை விட்டு இறங்கி, ஒரு மல்லிக்காட்டுக்குள் முன்னூறு அடி போய், பூவும் காயுமாக நின்ற கொத்தமல்லிச் செடிகளுக்கு நடுவில் தானாக நின்றது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. பச்சை வாசனை மட்டும் சட்டையெல்லாம் ஏறியிருந்தது. ஆனால் அந்த ஐம்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திய சத்தம் குருவையாவின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கே டிப்போவுக்கு நடந்து போய், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, "இனிமே எனக்கு வண்டி குடுக்காதீங்க," என்று சொல்லிவிட்டு வந்தார். அவரை டிப்போ கேட்டில் உட்காரவைத்து, வருகிற வண்டி போகிற வண்டி நம்பரை எழுதச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நிற்கிறது என்றார் டாக்டர். தூங்கும்போது போட ஒரு மாஸ்க் கொடுத்தார்கள். கூடவே மூச்சுத் தசைக்குப் பயிற்சி செய்யச் சொல்லி பிளெஸ்ஸி என்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார்கள். பிளெஸ்ஸிக்கு முப்பது வயது இருக்கும். நாசரேத்துக்காரி. வேகமாகப் பேசுவாள்.

"கை காலுக்குத் தசை இருக்கிற மாதிரி மூச்சுக்கும் இருக்குண்ணே. விலா எலும்புக்கு நடுவுல, வயித்துக்கு மேல. இந்தக் குழாய்க்குள்ள ஸ்பிரிங் இருக்கு, இழுத்தா மல்லுக்கட்டும். நீங்க விடாம இழுக்கணும். காலையில முப்பது, சாயங்காலம் முப்பது. மாஸ்க்தான் வைத்தியம், இது அதுக்கு ஒத்தாசை. மாஸ்க்கைக் கழட்டிப் போட்டுட்டு இதை மட்டும் பண்ணீங்கன்னா வீட்டுக்கே வந்து திட்டுவேன்."

மூன்று மாதம் கழித்து மெடிக்கல் போர்டு. அதில் தேறினால் மறுபடி டிரைவர். இல்லையென்றால் ஓய்வு பெறுகிறவரை கேட்தான்.

ஊட்டி மூச்சு வந்தது பயிற்சி தொடங்கிய பத்தொன்பதாம் நாள். குருவையா பிளெஸ்ஸிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"வந்தா உள்ள இழுத்துக்கோங்கண்ணே," என்றாள் பிளெஸ்ஸி. "ஆனா அதை முப்பதுல சேக்காதீங்க."

இழுத்தார். மார்புக்குள் ஒரு மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்கியது. அன்று கேட்டில் உட்கார்ந்து ஒரு தடவைகூடத் தலை ஆடாமல் சாயங்காலம் வரை நம்பர் எழுதினார்.

அதற்கப்புறம் தினமும் வந்தன. பழனி மூச்சு விபூதியும் வாழைப்பழமுமாக வந்தது. கும்பகோணம் மூச்சு காலையில் காப்பி வாசனையோடு வந்ததில், அந்தத் தெருவில் அன்றைக்கு யாரும் காப்பி போடவில்லை. கோயம்பேட்டு மூச்சு வந்தபோது அழுகிய சாமந்திப் பூ நாற்றத்துக்கு எல்லோரும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். ராமேஸ்வரம் மூச்சுகள் கூட்டமாக வந்தன, ஈரமாகவும் உப்பாகவும். அவை கடை முன்னால் நின்றதில் தங்கமாரியப்பனின் காரச்சேவு நமுத்துப்போனது. அவர் தெருச் சங்கத் தலைவரும்கூட என்பதால், கையில் நமுத்த சேவோடு வந்து நியாயம் கேட்டார்.

"டிரைவர் அண்ணாச்சி, மலை மூச்சு எங்க வேணாலும் நிக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல. கடல் மூச்சையெல்லாம் வடக்க தள்ளி நிக்கச் சொல்லுங்க."

சொன்னார். நகர்ந்து நின்றன.

நகராட்சியிலிருந்து ஒருத்தர் வந்து, தெருவின் நீளத்தை டேப் பிடித்து அளந்து, மூச்சுக்கென்று தனிப் படிவம் எதுவும் இல்லை என்று வருத்தம் தெரிவித்து, போவதற்கு முன் ஊட்டி மூச்சில் அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற பெண்கள் மத்தியானம் தூக்குச்சட்டியோடு வந்து ஊட்டிக்குள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெளியே தார் ரோடு இளகிக்கொண்டிருக்க, இவர்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பல் கிடுகிடுக்க, தயிர்ச் சோறு வேண்டாம் சளி பிடிக்கும் என்று ஒருத்தியை ஒருத்தி கடிந்துகொண்டார்கள். வெளியூரிலிருந்து அந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த பெண்கள் காலையில் வாசல் தெளிக்கும்போதே, இன்றைக்கு எந்த ஊர் வந்திருக்கிறது என்று மூக்கைத் தூக்கிப் பார்த்தார்கள். திருவண்ணாமலைக்காரி ஒருத்தி அந்த ஊர் மூச்சு வந்த அன்று அதைச் சுற்றி வந்து கும்பிட்டாள்.

ரகுமத் பீவி மட்டும் எதிலும் போய் நிற்கவில்லை. நாகூரிலிருந்து முப்பத்து மூன்று வருடம் முன்னால் கல்யாணமாகி வந்தவள். வாப்பா போய், உம்மா போய், வீட்டையும் விற்று, அங்கே போய் இறங்க இப்போது ஒரு வாசல்கூட இல்லை. தினமும் காலையில் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பாள்.

"தம்பி, நாகூரு வந்துச்சா?"

"இல்லக்கா. நாகூர் ரூட் நான் நாலே மாசந்தான் ஓட்டுனேன். மெதுவாத்தான் வரும்போல."

ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. சாம்பிராணியும் கடலும் புறா எச்சமும் அடுப்பில் பொரிகிற இறால் வாடாவும் கலந்து, நேராக ரகுமத் பீவியின் அடுப்படி ஜன்னலுக்குப் போய்விட்டது. அவள் கையில் கரண்டியோடு அதற்குள் நின்றாள். குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை தெருக்கோடி வரை போயும் அவள் அசையவில்லை. கடைசியில் வெளியே வந்து, குருவையாவைப் பார்த்து, "எங்க வாப்பா வீட்டு வாசல் தம்பி," என்றாள். பிறகு, "இதை நாளைக்கு இழுத்துக்கிறீங்களா?" என்றாள்.

குருவையா சரி என்றார். நாளை என்றது மறுநாள் ஆனது, அதற்கும் மறுநாள் ஆனது. அதைப் பார்த்து, ஊட்டியைக் கத்திரி முடிகிற வரைக்குமாவது விட்டு வையுங்கள் என்று தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் கேட்டார்கள். கும்பகோணத்தை விட்டு வைக்கச் சொல்லித் தெரு முழுதும் கேட்டது. அக்கினி வெயிலில் தன் கடைக்குத்தான் கூட்டம் அதிகம் என்று கண்டுகொண்ட தங்கமாரியப்பன், ராமேஸ்வரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன் என்றார். குருவையா எல்லோருக்கும் சரி சரி என்றார். குழாயில் முப்பது இழுத்துவிட்டு எழுந்து போனார். வந்த மூச்சுகள் வாசலில் நின்றன, தெருவில் நின்றன, மொட்டை மாடிகளில் அடுக்கடுக்காக நின்றன. தெருவுக்குள் நுழைகிறவர்கள் பத்தடிக்கு ஒரு ஊராகக் கடந்து, தலை லேசாகச் சுற்றிச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள்.

நாலாவது வாரம் மெஷின் கட்டிப் பார்த்தபோது நாற்பத்தொன்று இருபத்தெட்டாக இறங்கியிருந்தது. எட்டாவது வாரமும் அதே இருபத்தெட்டு.

"இழுக்கிறீங்களாண்ணே, இல்ல சும்மா கவ்விக்கிட்டு உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டாள் பிளெஸ்ஸி.

"இழுக்கிறேம்மா. வந்து நிக்கிறதைத்தான் இழுக்கல. தெருவுல கேக்கிறாங்க, எப்படி மாட்டேங்கிறது?"

வீட்டுக்கு வந்ததும் ஜெயக்கொடி சோற்றை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "தெரு கேக்குதுன்னு சொல்லாதீங்க," என்றாள். "நீங்க பயந்துகிட்டு விட்டு வச்சிருக்கீங்க. எல்லாம் உள்ள போயிட்டா வண்டி குடுத்துருவாங்கல்ல?"

குருவையா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்து பிசைந்து அது களியானது.

"அந்தச் சத்தம் இன்னும் கேக்குது ஜெயா," என்றார்.

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். சத்தம் போட்டுப் பேசாதவள் என்று அந்தத் தெருவில் பெயரெடுத்தவள். ஊட்டிக்குள் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்த பெண்களையும், கும்பகோணத்தில் நாற்காலி போட்டிருந்த தங்கமாரியப்பனையும், ஜன்னலில் கண்மூடி நின்ற ரகுமத் பீவியையும் பார்த்தாள்.

"ஜில்லுன்னு இருக்குன்னு உக்காந்திருக்கீங்களே, இது காத்துன்னா நெனச்சீங்க? இது ஒவ்வொண்ணும் அந்த மனுசன் மூச்சில்லாமக் கெடந்த நேரம். ஊட்டிங்கிறீங்க, நாகூருங்கிறீங்க. எனக்கு அத்தனையும் எழவு வீட்டுக் காத்தாத்தான் அடிக்குது. அவர் எடுக்க வேண்டியதை எடுக்க விடுங்க!"

ஒரு பெண் திறந்த தூக்குச்சட்டியை மூடினாள். முதலில் இடம் விட்டு நகர்ந்தது ரகுமத் பீவிதான். ஜன்னலை விட்டு வெளியே வந்து, தலை முக்காட்டை இரண்டு கையாலும் விரித்து, கோழிக்குஞ்சுகளை ஓட்டுகிற மாதிரி நாகூரை மெல்ல ஓட்டிக்கொண்டு சுவரைத் தாண்டி வந்து, சோற்றுக் கையோடு வாசலுக்கு வந்திருந்த குருவையாவின் முகத்துக்கு நேரே நிறுத்தினாள்.

"இழுங்க தம்பி. முப்பத்து மூணு வருசத்துக்கு ஒரு மாசம் நின்னுட்டேன். போதும்."

குருவையா அதை இழுத்தார். மற்ற எல்லாவற்றையும் வருகிற ஞாயிற்றுக்கிழமை இழுத்துவிடுவது என்று முடிவானது. தங்கமாரியப்பன் பொறுப்பெடுத்துக்கொண்டார். அன்று காலை மூச்சுகளை ரூட் வாரியாகப் பிரித்து, மலை ஒரு வரிசை, கடல் ஒரு வரிசை, கோயில் ஒரு வரிசை என்று தெருவின் இரண்டு பக்கமும் நிறுத்தி, நடுவில் ஓடி ஓடி, "பழனி, பழனி, பழனி! பழனி மட்டும் முன்னால வா! வேளாங்கண்ணி, தள்ளாத!" என்று கத்தினார். பிளெஸ்ஸி ஸ்கூட்டரில் வந்து, குருவையாவை மர நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, மூக்கில் கிளிப்பை மாட்டி, குழாயின் ஸ்பிரிங்கை ஒரு சுற்று முறுக்கிக் கொடுத்தாள்.

"வயித்துல இருந்து இழுங்கண்ணே. தோளைத் தூக்கக் கூடாது."

குருவையா இழுத்தார். பழனி போனது. படியேறுகிறவர்களின் முட்டி வலி ஒரு நொடி தெருவில் எல்லோருக்கும் வந்துபோனது. வேளாங்கண்ணி போனது, மெழுகுவர்த்திச் சூட்டோடு. ராமேஸ்வரம் போகப் போக, ஒரு மாதத்துக்கு மேலாக நமுத்துக் கிடந்த சேவெல்லாம் டப்பாவுக்குள் மொறுமொறுவென்று சத்தம் போட்டது. ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ந்து வந்ததில் தெருவே ராட்டினத்தில் ஏறியதுபோல் கிறுகிறுத்தது. சேலைகள் பாய்மரமாக உப்பின. சிரிக்க ஆரம்பித்தவர்களால் நிறுத்த முடியவில்லை. தங்கமாரியப்பன் திருவண்ணாமலையைக் கூப்பிட வாயைத் திறந்து, சிரித்து, விக்கல் எடுத்து, வேடிக்கை பார்க்க வந்திருந்த நகராட்சிக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆடினார். குருவையாவின் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. நாற்காலி தரையை விட்டு இரண்டு விரற்கடை எழும்பியது. பிளெஸ்ஸி குனிந்து அதன் கீழே கையை விட்டுப் பார்த்துவிட்டு, "முதுகை வளைக்காதீங்க," என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தெரு காலியாகி, சாத்தூர் வெயில் சாத்தூர் வெயிலாகவே வந்து இறங்கியது. அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து இன்னும் சில மூச்சுகள் வந்தன. கட்டிலுக்கு அடியிலிருந்தும் பீரோவுக்குப் பின்னாலிருந்தும் தலையணை உறைக்குள்ளிருந்தும், கூச்சப்பட்ட விருந்தாளிகள் மாதிரி, ஒன்றிரண்டாக வந்தன. பிறகு நூறு நூறாக வந்தன. எந்த ஊர் வாசனையும் இல்லை. மஞ்சள் சோப்பும் சுவர் வெக்கையும்தான்.

குருவையா இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். முகத்துக்கு நேரே வந்தவை மரியாதையாக விலகிக்கொண்டன. பிளெஸ்ஸி குழாயைப் பிரித்துப் பார்த்துப் பூட்டினாள். ரகுமத் பீவி கிட்டே போய் முகர்ந்தாள்.

"இது ஆம்பளை மூச்சு இல்ல தம்பி."

எல்லோரும் ஜெயக்கொடியைப் பார்த்தார்கள். அவள் நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள். திருடி மாட்டிக்கொண்டவளைப்போல அவள் முகம் சிவந்திருந்தது.

"உங்க மூச்சு நிக்கிறப்ப எனக்கும் நின்னுரும்," என்றாள் குருவையாவிடம். "நீங்க மறுபடி இழுக்கிற வரைக்கும். வேணும்னு பண்ணலீங்க. தானா நின்னுரும்."

குருவையா ஆகாயத்திலிருந்த நாற்காலியை விட்டுக் குதித்து இறங்கினார். குழாயை அவள் கையில் வைத்தார். பிளெஸ்ஸி குறுக்கே வந்து, "ஒரே குழாயை ரெண்டு பேர் வாயில வைக்கக் கூடாது," என்று பையிலிருந்து புதுசு ஒன்றைப் பிரித்துக் கொடுத்தாள்.

ஜெயக்கொடி நின்றபடியே இழுத்தாள். முதல் இழுப்புக்கு இருமினாள். பத்தாவது இழுப்பில் கொண்டை அவிழ்ந்தது. ஐம்பதாவது இழுப்பில் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு கரைந்து வழிந்து போனது. பதினோரு வருட மூச்சும் வரிசை கட்டி உள்ளே போய் முடிந்தபோது, அவளுக்கு அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கன்னம் உப்பியது, காது சிவந்தது, கால் கட்டைவிரல் மட்டும்தான் தரையில் இருந்தது. "விடுங்கக்கா, மெதுவா வெளிய விடுங்க!" என்றாள் பிளெஸ்ஸி. ஜெயக்கொடி, சின்னப் பிள்ளையில் அவள் அப்பாவின் கம்மங்காட்டில் கிளி விரட்டியபோது செய்ததுபோல, இரண்டு விரலை நாக்குக்கு அடியில் வைத்து, சீழ்க்கை அடித்தாள். ஒன்று, உடனே இன்னொன்று.

கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு கொடுத்தால் கிளம்ப வேண்டும். தமிழ்நாட்டில் எந்த டிரைவருக்கும் இதை யோசிக்க நேரம் தேவைப்படாது. சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்ற அத்தனை வண்டியும் ஒரே உறுமலாகக் கிளம்பியது. கோவில்பட்டி வண்டி, விருதுநகர் வண்டி, மினி பஸ், டீசல் போட நின்ற வண்டி, டீ குடிக்க இறங்கியவர்கள் ஓடி வந்து தொற்றிக்கொண்ட வண்டி என்று எதுவும் மிச்சமில்லை. ஏறியவர்கள் ஏறிய வண்டி எங்கே போனதோ அங்கே போனார்கள். முடி வெட்ட வந்தவர் ராஜபாளையத்தில் வெட்டிக்கொண்டார். பெண் பார்க்கச் சிவகாசிக்குக் கிளம்பிய குடும்பம் எட்டயபுரத்தில் இறங்கி, வந்ததற்காக அங்கே ஒரு பெண்ணைப் பார்த்து, பிடித்தும் போனது. அன்று சாயங்காலம் வரை சாத்தூர்க்காரர்கள் பல ஊர்களிலிருந்து போன் போட்டு, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைச் சிரிப்புக்கு நடுவில் சொன்னார்கள்.

தீப்பெட்டி ஆபீஸ் தெருவில் குருவையாவின் வலது கால் தானாக முன்னால் அழுத்தியது. கை ஸ்டியரிங்கைத் தேடிக் காற்றில் வளைந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார்.

"ரெண்டு விசில் குடுத்துட்டியே ஜெயா," என்றார். "வண்டியை எடுத்தாகணுமே."

"எடுங்க," என்றாள் அவள், மூச்சு வாங்காமல்.

அடுத்த பரிசோதனையில் இருபத்தெட்டு ஏழாக இறங்கியிருந்தது. மாஸ்க்கை விடாமல் போடுகிறேன், குழாயை விடாமல் இழுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போர்டில் தேறினார். ஆடி மாதம் முதல் வாரம், காலை ஆறு பத்துக்கு, சாத்தூர் கோவில்பட்டி வண்டியைக் கொடுத்தார்கள். சாவியை வாங்கினார். ஏறி உட்கார்ந்தார். ஜெயக்கொடி வந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி வைப்பாற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் அவள் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிட்டது. ஏறி இறங்கும் சீரான மூச்சை, இன்ஜின் சத்தத்துக்கு நடுவிலும் அவர் கேட்டுக்கொண்டே ஓட்டினார். காதுக்குள் வேறு எந்தச் சத்தமும் அன்று இல்லை.

கோவில்பட்டி வந்தது. அவள் எழவில்லை. சாத்தூர் வந்தது. எழவில்லை. ஏறுகிறவர்கள் மெல்லப் பேசினார்கள், இறங்குகிறவர்கள் கொலுசுச் சத்தம் கேட்காமல் இறங்கினார்கள், பூக்காரி ஒருத்தி அவள் மடியில் ஒரு முழம் வைத்துவிட்டுப் போனாள். இப்படியே நாலு தடவை போய், நாலு தடவை திரும்பி, பிற்பகல் இரண்டே முக்காலுக்கு ஐந்தாவது தடவை கிளம்ப வேண்டிய நேரத்தில் கண்டக்டர் குனிந்து கேட்டார்.

"அண்ணே, சாத்தூர் வந்தாச்சு. அக்காவை எழுப்பவா?"

குருவையா கியரைப் போட்டார்.

"எழுப்பாதப்பா. அவ எறங்குற ஸ்டாப் இன்னும் வரல."